கஞ்சா லைசென்ஸில் இன நீதி: 51 வீதம் பேப்பரில் மட்டுமா?

உவர்மலை கேட்டது:

ஏ.எல். பிள்ளைகளின் விவாதத்துக்குத் தகவல் தேவை. தலைப்பு: ஒரு சமூகத்தை வருத்திய சட்டம் நீங்கினால், அந்தத் தொழிலின் லைசென்ஸ் முதலில் அந்தச் சமூகத்துக்கே போகவேணும். உதாரணம் அமெரிக்க மாநிலங்களின் கஞ்சா லைசென்ஸ். இரண்டு பக்கமும் 'நீதி, சமத்துவம்' எண்டு சுத்திச் சுத்தி வருகினமே தவிர, ஆர் தகுதி எண்டு எப்படி அளக்கினம், எங்க பிழைச்சது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ. திருகோணமலை போல மூன்று சமூகம் கலந்த இடத்துக்கு அது பொருந்துமோ எண்டும் ஒரு வரி.

பாலையூற்று:

முதலில் பிள்ளைகளின் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துங்கோ. 'கறுப்பினத்தவருக்கு இத்தனை லைசென்ஸ்' என்று அங்கே பொதுவாக எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தது ஒஹாயோ. 2016 மருத்துவக் கஞ்சாச் சட்டத்தில் 15 வீதம் சிறுபான்மை இனத்தாருக்கு என்று வைத்தார்கள். பெரிய தோட்டங்களுக்கு இருந்தது 12 லைசென்ஸ். புள்ளி குறைந்த இரண்டு கொம்பனிகள் ஒதுக்கீட்டால் உள்ளே வர, புள்ளி கூடியும் வெளியே நின்ற கொம்பனி வழக்குப் போட்டது. 2018-ல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. 1989 ரிச்மண்ட் நகர வழக்கிலிருந்து அங்கே நிலை இதுதான்: இனத்தைப் பெயர் சொல்லி ஒதுக்குவதென்றால், அதே துறையில் நடந்த பாகுபாட்டை அரசு ஆதாரத்தோடு காட்டவேண்டும். நேற்றுத் தொடங்கிய தொழிலில் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவது?

ஆதாரம் இருப்பது பொலிஸ் பதிவில். கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.64 மடங்கு என்று ஏ.சி.எல்.யு. என்ற அமெரிக்க சிவில் உரிமை அமைப்பு 2020-ல் கணக்குக் காட்டியது. பாவனையோ இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சட்டம் இனத்தைக் கேட்காமல் விலாசத்தையும் கைதையும் கேட்கிறது. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் 2017-ல் செய்ததைப் பாருங்கோ: வருமானம் நகர நடுத்தர வருமானத்தின் 80 வீதத்துக்குள் இருக்கவேண்டும், அதோடு, குறித்த 21 பொலிஸ் வட்டாரங்களில் கடைசி 20 வருடத்தில் 10 வருடம் வாழ்ந்திருக்கவேண்டும், அல்லது அந்த நகரத்திலேயே கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்கவேண்டும். முதற்கட்ட லைசென்ஸில் பாதி இவர்களுக்கு.

பிழைத்த உதாரணம் வேணுமென்றால் இல்லினோயைவிட நல்லது இல்லை. 2019 சட்டத்தில் கடை லைசென்ஸுக்கு 250 புள்ளி; அதில் 50 பாதிக்கப்பட்டவர்களுக்கு, 5 முன்னாள் படைவீரர்களுக்கு. பார்வைக்கு 50 பெரிது, 5 சின்னன். ஆனால் விண்ணப்பம் எழுதக் காசு கொடுத்து ஆள் பிடித்தவர்கள் மற்ற எல்லாப் பகுதியிலும் முழுப் புள்ளி எடுத்துவிட்டார்கள். 2020 செப்டெம்பரில் பார்த்தால் முழுப் புள்ளி 21 விண்ணப்பதாரருக்கு. 75 லைசென்ஸுக்கும் குலுக்கலில் நிற்கப்போவது அந்த 21 பேர் மட்டும். படைவீரர் இல்லாத குழு 5 புள்ளி குறைந்து வெளியே. எல்லாரும் உச்சியில் முட்டி நிற்கும் பரீட்சையில் முடிவு செய்வது சின்னப் புள்ளிதான்.

இன்னொரு ஓட்டை: சொந்தக்காரர் பாதிக்கப்பட்டவராக இருக்கத் தேவையில்லை. 10 முழுநேர ஊழியரை வைத்து, அதில் 51 வீதம் பாதிக்கப்பட்ட பகுதி ஆட்கள் என்று காட்டினால் அதே 50 புள்ளி. காசுள்ளவனுக்கு இது ஆள் சேர்ப்பு வேலை. 2021-ல் சட்டத்தைத் திருத்தி மேலும் 110 லைசென்ஸ் சேர்த்தார்கள், அதில் ஒரு குலுக்கலில் இந்த ஊழியர் வழியை அடைத்தார்கள். வழக்குகள் முடிந்து லைசென்ஸ் கைக்கு வர 2022 ஆகிவிட்டது.

உவர்மலை:

நன்றி. அப்ப ஊழியரை விட்டிட்டு, கொம்பனியின்ர 51 வீதப் பங்கு பாதிக்கப்பட்டவையின்ர பெயரிலயே இருந்தால் பிரச்சினை தீர்ந்ததோ?

சல்லி:

தீராது. ஊரில் பினாமி என்கிறோமே, அதேதான். பங்குப் பத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஒப்பந்தத்தைத் திறவுங்கோ. நான்கு வரி தேடினால் போதும். நிர்வாகக் கட்டணம் லாபத்தில் போகுதா, விற்பனையில் போகுதா? விற்பனையில் என்றால் சொந்தக்காரருக்கு மிஞ்சுவது பூச்சியமாகலாம். கடன் கொடுத்தவர் அதைப் பங்காக மாற்றலாமா? விற்கத் தடைக்காலம் முடிந்த மறுநாள், முன்பே எழுதிய சொற்ப விலைக்கு 51 வீதத்தை வாங்கும் உரிமை யாருக்கு? பாங்க் கணக்கில் தனியாகக் கைச்சாத்திட ஆருக்கு அதிகாரம்? இந்த நான்கும் முதலீட்டாளர் பக்கம் சாய்ந்தால், 51 என்பது பெயர்ப்பலகை.

ஏன் இப்படிக் கைச்சாத்திடுகிறார்கள் என்றால், காசு இல்லை. மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் தடை. அரசு ஆதரவுள்ள சிறுதொழில் கடன் கிடையாது, பெரிய பாங்குகளும் கிட்ட வராது. வருமான வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு, மத்திய அரசின் போதைப்பொருள் அட்டவணை 1, 2-ல் உள்ள பொருட்களின் வியாபாரத்துக்கு வாடகை, சம்பளம் எதையும் கழிக்க விடாது. சரக்கு வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். 100 ரூபா விற்று, சரக்குக்கு 50, கடைச் செலவுக்கு 45 போனால் கையில் 5. வரி விழுவது 50-க்கு. இதுக்குள்ளே தாமதம் வேறு. கடையிடத்தைக் காட்டினால்தான் விண்ணப்பம் என்ற இடங்களில், வழக்கு இழுபடும் மாதமெல்லாம் பூட்டிய கடைக்கு வாடகை.

நியூயோர்க்கைச் சேர்த்துக்கொள்ளுங்கோ. அங்கே 2022-ல் முதற்கடைகளுக்கு இரண்டு நிபந்தனையும் ஒன்றாக வேண்டியிருந்தது: தனக்கோ நெருங்கிய குடும்பத்தவருக்கோ கஞ்சாத் தண்டனை, அதோடு இரண்டு வருடம் லாபத்தில் ஓடிய வியாபாரத்தில் குறைந்தது 10 வீதப் பங்கு. நல்ல யோசனை, ஏனென்றால் கடை நடத்தத் தெரிந்தவனே வருவான். ஆனால் தண்டனை நியூயோர்க்கிலேயே கிடைத்திருக்கவேண்டும் என்று எழுதி மாட்டிக்கொண்டார்கள். மிச்சிகனில் தண்டனை பெற்றவரின் கொம்பனி வழக்குப் போட, 2022 நவம்பரில் ஐந்து பிராந்தியங்களில் லைசென்ஸ் கொடுக்க நீதிமன்றத் தடை. 2023 ஓகஸ்டில், காயப்பட்ட படைவீரர்கள் 'சட்டத்தில் நாங்களும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்க எங்களை ஏன் பின்னுக்கு விட்டீர்கள்' என்று கேட்டு முழுத் திட்டத்தையும் நிறுத்திவைத்தார்கள்.

லிங்கநகர்:

இங்கே பொருந்துமா என்ற வரிக்கு. எங்கள் அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, பிறந்த இடம் முதலியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. விசேட ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கும் 12(4) பெயர் சொல்வது பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் மூன்றையும்தான். இனம் அதில் இல்லை. ஆகவே 'தமிழருக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை' என்று லைசென்ஸ் பிரித்தால் வழக்கில் நிற்பது கஷ்டம். பிரதேசத்தை வைத்துப் பிரிப்பது பழகிய வழி. பிள்ளைகளுக்கே தெரிந்த உதாரணம் பல்கலைக்கழக அனுமதி: திறமைக்கு 40 வீதம், மாவட்டக் கோட்டா 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கு. குறைந்த இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதும் என்பதற்காக வெளிமாவட்டத்திலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து பரீட்சை எழுதவைக்கும் கதைதான் ஓக்லண்டின் '20-ல் 10 வருடம்' என்ற நிபந்தனைக்கும் காரணம்.

ஆனால் எல்லையை மாவட்டமாக வைத்தால் மூதூருக்கும் நகரத்துக்கும் ஒரே கணக்கு. கிராம சேவையாளர் பிரிவு அளவுக்கு இறங்கினால்தான் பாதிக்கப்பட்டவரைத் தொடும். எதிரணி கட்டாயம் கேட்கும்: இடம்பெயர்ந்து பத்து வருடம் வேறு ஊரில் இருந்தவர் எந்தப் பிரிவு? வாக்காளர் இடாப்பு அவருக்கு உதவாது. அதுக்குப் பதில் தயார் பண்ணாமல் மேடை ஏற்றாதேங்கோ.

பாலையூற்று:

தலைப்புக்கு வெளியே ஒன்று, அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்களுக்கு. கிரீன் கார்ட்டோடு இருப்பவர் கஞ்சாக் கடையில் வேலை செய்தாலோ பங்கு வைத்தாலோ, மாநிலச் சட்டத்தில் சரியாக இருந்தாலும் குடியுரிமை விண்ணப்பம் நன்னடத்தையில் அடிபடலாம் என்று அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம் 2019 ஏப்ரலில் எழுத்தில் சொல்லியிருக்கு. '51 வீதத்துக்கு உங்கட பெயரை மட்டும் தாங்கோ' என்று ஆரும் கேட்டால், கைச்சாத்துக்கு முன் குடிவரவு சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கோ.