தாத்தா துப்பாக்கி: பேரல்ல வெல்டிங் வச்சா போதுமா?

மூர்மார்க்கெட்85:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு, தாத்தா விட்டுட்டுப் போன ரெட்டைக்குழல் துப்பாக்கியோட பேரல் (குழல்) வாயில ஒரு பொட்டு வெல்டிங் வச்சுட்டா அது வெறும் இரும்பாம், லைசென்ஸ் வேணாமாம், ஹால்ல மாட்டிக்கலாமாம். படிச்சதும் எனக்கு காபி புரை ஏறிடுச்சு. ஆயுதச் சட்டம் 1959, 45-ஆவது பிரிவப் பாருங்க சாமி. பழைய மாடலோ, பழங்காலப் பொருளோ, பழுதானதோ, ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுட முடியாததா இருந்தாத்தான் விலக்கு. ரிப்பேர் பண்ணாலும்! அந்தப் பொட்டு வெல்டிங்க எடுத்து ரிப்பேர் பண்ணி சுட முடியும்னா விலக்கு கெடையாது. அந்த ரெண்டு வார்த்தைய யாரும் படிக்கறதே இல்ல.

அம்பத்தூர்லேத்:
22 வருஷமா லேத் ஓட்டுறேன். ஒழுங்கா வச்ச வெல்டிங்க எடுக்கப் போனா குழலே போயிடும். பேசுறவரு ஒரு நாளாவது கிரைண்டர் புடிச்சிருக்காரா?

மூர்மார்க்கெட்85:
புடிக்கல. ஆனா படிக்கத் தெரியும். ரிப்பேர் பண்ணாலும்.

பல்லாவரம்வெள்ளி:
அந்த "ஒருத்தர்" நான்தான், நேரா பேர் சொல்லியே திட்டலாம் தப்பில்ல. என் மச்சான் இங்கிலாந்து பர்மிங்காம்ல இருக்கான், அவன் வீட்டு சுவத்துல ஒரு 12 போர் வேட்டைத் துப்பாக்கி தொங்குது, லைசென்சும் இல்ல ஒண்ணும் இல்ல, நானே கையில எடுத்துப் பாத்தேன். வெல்டிங்தான் வச்சிருக்கு.

வேப்பேரிவாசி:
அண்ணே, அங்க வெறும் வெல்டிங் இல்ல. அந்த ஊர் 1988 சட்டப்படி லண்டன் ப்ரூஃப் ஹவுஸ் (துப்பாக்கி சோதிக்கிற இடம்) இல்லன்னா பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ்ல பாத்து முத்திரை குத்தி சர்டிபிகேட் தருவாங்க. குழல வெட்டி, உள்ள இரும்புக் கம்பி விட்டு வெல்டிங், ஃபயரிங் பின்ன (தோட்டாவ அடிக்கிற ஊசி) எடுத்துட்டு அந்த ஓட்டையையும் அடைப்பாங்க. 2016 ஏப்ரல்ல ஐரோப்பிய விதி வந்தப்புறம் இன்னும் டைட், பழைய முறையில செஞ்சத அப்படியே விக்கவும் முடியாது. மச்சான்கிட்ட அந்த பேப்பரக் கேளுங்க.

மூர்மார்க்கெட்85:
பேப்பரக் கேளுங்க! நம்மாளு கேட்டது வெல்டிங் கடைக்காரர மட்டும்தான். பர்மிங்காம் முத்திரை பல்லாவரத்துல செல்லுமா?

பல்லாவரம்வெள்ளி:
அப்ப எக்மோர் மியூசியத்துல பழைய துப்பாக்கியெல்லாம் வச்சிருக்கானே, அது எப்படி?

மூர்மார்க்கெட்85:
அது அரசு மியூசியம். உங்க ஹால் எப்ப மியூசியம் ஆச்சு, டிக்கெட் எவ்ளோ? பொடிப்பசங்களுக்கு பாதி டிக்கெட்டா?

அம்பத்தூர்லேத்:
இவரு எப்பவும் இப்படித்தான். போன வருஷம் எனக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் வித்தாரு, ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்லி, பம்ப் வாஷர் கிழிஞ்சது, நாப் வேற விளக்கோடது. சட்டம் பேசுறாரு.

மூர்மார்க்கெட்85:
விளக்கு வேற விஷயம். அதுவும் வாஷர் மாத்திக்கோன்னு சொல்லித்தான் குடுத்தேன். ரிப்பேர் பண்ணா எரியும். அதே லாஜிக்தான் துப்பாக்கிக்கும்!

வேப்பேரிவாசி:
முதல்ல லைசென்ஸ் யார் பேர்ல இருந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? தாத்தா இறந்துட்டாருன்னா 21-ஆவது பிரிவுப்படி தாமதிக்காம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். அப்புறம்தான் வாரிசு லைசென்சுக்கு கமிஷனர் ஆபீஸ்ல மனு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் வாரிசா வந்தாலும் சேத்து ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். இன்னொண்ணு, துப்பாக்கிய மாத்தவோ ரிப்பேர் பண்ணவோ தொழில் நடத்தணும்னா அதுக்கே தனி லைசென்ஸ் வேணும், 5-ஆவது பிரிவு. லேத் அண்ணே, உங்களுக்கும்தான் சொல்றேன்.

அம்பத்தூர்லேத்:
நான் எங்கய்யா தொட்டேன்? சும்மா பொதுவா சொன்னேன்.

பல்லாவரம்வெள்ளி:
தாத்தா ஜவ்வாது மலையில வேட்டைக்குப் போனவரு, 72-ல வனவிலங்கு சட்டம் வந்ததும் அதோட நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் அந்த துப்பாக்கி பரண்லதான் கெடக்கு. ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு வைப்போம், அவ்ளோதான். இத கொண்டு போய் ஸ்டேஷன்ல குடுன்னா மனசு வருமா?

மூர்மார்க்கெட்85:
பூஜைப் பொட்டு வேற, வெல்டிங் பொட்டு வேற. மனசு வரலன்னா சட்டம் மாறிடுமா? ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும், திரும்பத் திரும்ப சொல்றேன், ரிப்பேர் பண்ணாலும்

அம்பத்தூர்லேத்:
எல்லாம் சரி சார், அந்த பெட்ரோமாக்ஸ் நாப் எப்ப அனுப்புவீங்க?

மூர்மார்க்கெட்85:
அத தனியா பேசலாம். வெல்டிங்குக்கு பதில் சொல்லுங்க.