விவாகரத்துக்குப் பிறகு கிளம்பிய சொரியாசிஸ்

வயது 38, திருச்சி. ஜனவரியில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. மார்ச்சில் முழங்கையில் சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு. இப்போது தலை, முதுகு வரை பரவிவிட்டது. கறுப்புச் சட்டை போட்டால் தோளில் மாவு கொட்டியதுபோல் செதில்.

அப்பாவுக்கும் சொரியாசிஸ் உண்டு. ஹெச்எல்ஏ-சி மரபணு வகை பரம்பரையில் வரும், மன உளைச்சல் அதைக் கிளப்பிவிடும் என்றார் தோல் மருத்துவர். மரபணுவை மாற்ற முடியாது, சரி. ஸ்டீராய்டு களிம்பு இரண்டு மாதம் போட்டேன். நிறுத்தியதும் திரும்பி வந்தது. வெட்பாலைத் தைலம் அரிப்பை மட்டும் குறைத்தது.

மகளைப் பார்த்துவிட்டு வரும் ஞாயிறுக்கு அடுத்த இரண்டு நாளில் கட்டாயம் சிவக்கிறது. காலண்டரில் குறித்தே வைத்திருக்கிறேன்.

தோல் சிகிச்சையோடு மனநல ஆலோசனையும் எடுத்து, இப்படித் திரும்பத் திரும்ப வருவது குறைந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?