குடும்ப ஜெபத்தில் அப்பா வோட்டு பேசலாமா?

தேன்பெட்டி அப்பா | ஞாயிறு, இரவு 9.40

மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு. முக்கால் ஏக்கர் ரப்பரும், அதற்கு நடுவே 22 தேன்பெட்டியும் உண்டு. கடை சோறு போடுகிறது. தேன்பெட்டி என் பைத்தியம்.

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு டிவி அணைந்துவிடும். பாய் விரித்து ஒரு பாமாலை, ஆளுக்கு ஐந்து வசனமாக ஒரு அதிகாரம், கடைசியில் யாராவது ஒருவர் ஜெபம். அதற்கு அப்புறம்தான் கஞ்சியும் பயறும். என் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்.

இன்று காலை ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள். சந்தா பாக்கி, ஓய்வுநாள் பள்ளிப் போட்டி, அதோடு இந்தத் தேர்தலில் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதும் வந்தது. கட்சிப் பெயர் சொல்லவில்லை, ஆனால் புரியாதவர் யாரும் இல்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரவு ஜெபம் என் முறை. "ஆண்டவரே, பிரசங்க பீடத்தை வோட்டு மேடையாக்குகிறவர்களுக்குப் புத்தி கொடும். எங்கள் மலையை உடைத்து லாரியில் ஏற்றிவிடுகிறவர்களுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு வோட்டும் போகாமல் காத்துக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆமென் வருவதற்குள் மகள் கண்ணைத் திறந்துவிட்டாள். "ஆயர் மைக்கில் சொன்னது தப்புன்னா, நீங்க எங்களைக் கண்ணை மூட வச்சுச் சொன்னது என்னப்பா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இங்கே கேட்கிறேன்: பெற்ற அப்பா தன் அரசியலைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பாளை வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, உங்கள் மகள் கேட்டது சரி. ஆனால் நீங்கள் ஆயரைக் குறை சொன்னது சரியில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு ஆறு பேர். உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும்தான் ஏறக்குறைய 47. அந்த 47 இருந்தும் 2014இல் என்ன நடந்தது? காங்கிரஸ், அதிமுக, திமுக மூன்றும் தனித்தனியாக நின்றன. வாக்கு மூன்றாகச் சிதறியது, பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். 2007இல் அரசு கிறிஸ்தவர்களுக்கென்று 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு கொடுத்தது. மறுவருஷமே நாமாக வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தோம். ஒற்றுமை இல்லாத கூட்டத்தின் கதி இது. சிறுபான்மை என்றால் சேர்ந்து நிற்க வேண்டும். அதை ஆயர் சொல்லாமல் பின்னே யார் சொல்வது?

தேன்பெட்டி அப்பா | ஞாயிறு, இரவு 10.50

சார், 3.5 கதையை மாற்றாதீர்கள். ஒற்றுமை இல்லாமல் திருப்பிக் கொடுக்கவில்லை. பொதுப் பட்டியலில் கிடைத்துக்கொண்டிருந்த இடங்களைவிடத் தனி ஒதுக்கீட்டில் குறைவாக வந்தது. அதனால்தான் வேண்டாம் என்றார்கள். அது கணக்கு.

2014க்கும் கட்சிகள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கூட்டணி சேரவில்லை என்றால் ஞானஸ்நானம் வாங்கிய பாவத்துக்கு நான் ஏன் கணக்குப் போட வேண்டும்?

வழிபாட்டு இடங்களைப் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கிறது. அதில் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். 2011இல் ரப்பர் ஷீட் கிலோ 200ஐத் தாண்டியது. அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டேன். 2016இல் நூறுக்குக் கீழே போனபோது வெட்டாமல் மரத்தைச் சும்மா விட்டேன், சிரட்டையில் மழைத்தண்ணீர்தான் நிறைந்தது. 2023இல் தலச்சேரிப் பேராயர் பாம்பிளானி, ரப்பருக்கு 300 ரூபாய் கொடுத்தால் கேரளத்தில் பாஜகவுக்கு எம்.பி. இல்லாத குறையைத் தீர்த்துவைப்போம் என்கிற மாதிரிப் பேசினார். 300 ரூபாய் என்றால் என் பைக்குள் விழுகிற காசு. இருந்தும் எனக்கு அது கசந்தது. என் மரம், என் வோட்டு. நடுவில் அங்கி எதற்கு?

கடலோரக்காரன் | திங்கள், காலை 6.05

நான் ஆர்.சி., குளச்சலுக்குக் கிழக்கே. அண்ணன் எழுதியதை வாசித்தேன். ரப்பர்க்காரருக்குக் கடை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வக்கீல் மச்சான் இருக்கிறார். எங்களுக்கு யார்?

2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் நடுக்கடலில். கரையில் நின்று பெயர்ப் பட்டியல் எழுதியது எந்தக் கட்சி? ஒவ்வொரு ஊரிலும் பங்குத்தந்தைதான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: எந்தப் போட்டு, எத்தனை பேர், யார் வீடு. ஒரு வாரம் கழித்து ஊர் ஊராக நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தோம். அப்புறம்தான் மேலே உள்ளவர்களுக்குக் காது கேட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே அண்ணே அது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கி நடுவில் எதற்கு என்கிறீர்கள். அன்றைக்கு அங்கி இல்லையென்றால் எங்கள் பெயரே வெளியே வந்திருக்காது.

தேன்பெட்டி அப்பா | திங்கள், காலை 7.20

பார்த்தேன் தம்பி. ராத்திரி வரை தண்டவாளத்தில் இருந்தீர்கள். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை, கடையில் இருந்த தண்ணீர்க் கேனை இரண்டு நடையாக நானும் அவளும் தூக்கி வந்தோம். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சாமியார் ஆளைத் தேடச் சொல்லி ரயிலை மறித்தால் நானும் உட்காருவேன். சின்னத்தைச் சொன்னால் எழுந்து போவேன். இரண்டும் ஒன்றல்ல.

கடலோரக்காரன் | திங்கள், காலை 7.31

நிலத்தில் இருக்கிறவருக்கு இரண்டு. கடலில் இருக்கிறவனுக்கு ஒன்றுதான்.

பாளை வாத்தியார் | திங்கள், காலை 9.00

நன்றாகச் சொன்னீர்கள். தேன்பெட்டித் தம்பி, உங்கள் பெட்டியையே பாருங்களேன். ஆயிரக்கணக்கான தேனீ, ஒரே ராணி, ஒரே சொல். அந்த ஒழுங்கு இருந்தால் நமக்கு இந்த நிலைமை வருமா?

தேன்பெட்டி அப்பா | திங்கள், பகல் 2.10

சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பு மூட்டிவிட்டீர்கள் சார். நீங்கள் ஒரு தடவைகூடப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை என்று தெரிகிறது.

ராணி யாருக்கும் கட்டளை போடுவதில்லை. முட்டை போடும், அவ்வளவுதான். போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மகளோடு ஏழாம் பெட்டியைத் திறந்தேன். கதம்பைத் தும்பில் கொஞ்சம் புகை காட்டிவிட்டு, ஒவ்வொரு சட்டமாக அவள் தூக்கிப் பிடித்தாள். கையுறை போட மாட்டாள், கேட்டால் கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்பாள். மூன்றாவது சட்டத்தில் அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைத் தோடு மாதிரி நாலு தொங்கியது. புது ராணி வளர்க்கிற அறை. கூட்டம் பிரியப் போகிறது என்று அர்த்தம். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதை முடிவு செய்தது ராணி அல்ல, வேலைக்கார ஈக்கள். "பிச்சுப் போடட்டுமா, பிரிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். பிரித்து வைத்தோம். இப்போது இரண்டு பெட்டியிலும் தேன் எடுத்தாகிவிட்டது. தை மாதம் ரப்பர் துளிர்த்தபோது இலைக்காம்பில் ஊறிய தேன். பூவில் எடுத்ததல்ல. இது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

நம் ஆட்கள் இந்த வேலையைக் கற்றதே சாமியார்களிடமும் மிஷனரிகளிடமும்தான். பெட்டிக்குப் பெயரே நியூட்டன் பெட்டி. திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைச் சாமியார் நம்மூர்த் தேனீயின் அளவுக்குத் தக்க வடிவமைத்தது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. தொண்ணூறுகளில் தாய்லாந்து நோய் வந்து எங்கள் அப்பாவின் பெட்டி எல்லாம் காலியானபோது, மீதி இருந்த ஒரே கூட்டைப் பிரித்துப் பிரித்துத்தான் திரும்ப ஆரம்பித்தார். ஆகவே அங்கி மேல் எனக்குக் கோபம் இல்லை சார். தேன்பெட்டி கொடுத்த அங்கி வேறு, சின்னம் கொடுக்கிற அங்கி வேறு.

வேம்பனூர்க் குளம் | திங்கள், பகல் 3.45

நான் இந்து, ஒதுங்கியே வாசித்தேன். எங்கள் வீட்டிலும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பா இதே பாட்டுதான். 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எந்த அப்பாவும் வோட்டைச் சாமியில்லாமல் பேசினதை நான் கேட்டதில்லை. குளத்தில் மண் போட்டு நாலுவழிச் சாலை வந்ததைப் பற்றி என் அப்பாவும் பேசவில்லை, உங்கள் ஆயரும் பேசியிருக்க மாட்டார். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருந்தது.

மயிலாடிக்காரி | திங்கள், மாலை 6.30

நேற்றிலிருந்து வாசிக்கிறேன். வாத்தியார் சாரும் தேன்பெட்டி அண்ணனும் நாம், நம் ஆட்கள் என்று மாறி மாறி எழுதுகிறார்கள். அந்த நாமில் நான் இருக்கிறேனா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பாவும் கிறிஸ்தவ அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம், மற்ற நாள் கொத்து வேலை. சிமென்ட் விரல் இடுக்கில் நிற்கும், கட்டையில் வெள்ளையாகப் படியும் என்று வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அவருடைய அண்ணன் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பெரியப்பா பிள்ளைகளுக்கு எஸ்.சி. சான்றிதழ், எங்களுக்கு பி.சி. ஒரே தெரு, ஒரே கிணறு, ஊர்க்காரர் கூப்பிடுவதும் ஒரே பெயர்தான். 1950 ஜனாதிபதி ஆணையில் எஸ்.சி. பட்டியல் இந்துக்களுக்கு மட்டும் என்று எழுதினார்கள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தின வருஷம் மத்திய அரசு இதை ஆராயப் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டது. என் அரசியல் இது ஒன்றுதான். எந்தப் பிரசங்க பீடத்திலிருந்தும் இதற்காக வோட்டைக் கேட்டு என் காதில் விழவில்லை.

ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் மயிலாடிக்கு வந்ததே எங்கள் ஆளான வேதமாணிக்கம் கூப்பிட்டுத்தான். உங்கள் பாட்டிமார் மாரை மறைத்துத் தோளில் சீலை போடும் உரிமைக்காக 1859 வரை அடிபட்டார்கள், அதை வருஷா வருஷம் பிரசங்கத்தில் கேட்கிறேன், சந்தோஷம். வேதமாணிக்கத்தின் சாதியை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வாத்தியார் சார் ஒற்றுமை கேட்கிறார். டயோசிஸ் (சபை நிர்வாக) தேர்தல் வரும்போது எந்த அணி, எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று விரல் விட்டு எண்ணுவார்களே, அப்போது எங்கே போனது அது?

அண்ணனிடம் ஒரே கேள்வி. மகளுக்கு உங்கள் அரசியலைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். என் தம்பி பி.ஈ. முடித்து வேலையில் இருக்கிறான், சி.எஸ்.ஐ.தான், பாமாலை எல்லாம் மனப்பாடம். சம்பந்தம் பேச எங்கள் வீட்டுக்கு வருவீர்களா?

பாளை வாத்தியார் | திங்கள், மாலை 6.50

சகோதரி, உங்கள் வேதனை நியாயம். ஆனால் தேர்தல் நேரத்தில் இதை எடுத்தால் எதிரிக்குத்தான் லாபம். பிறகு பேசலாம்.

மயிலாடிக்காரி | திங்கள், மாலை 6.52

எங்கள் தாத்தாவிடமும் பிறகு என்றுதான் சொன்னார்கள் சார்.

கடலோரக்காரன் | திங்கள், இரவு 8.20

கல்யாணக் கேள்வி எங்களுக்கும் உண்டு அக்கா. ஒரே திருச்சபைதான், ஆனால் ரோட்டுக்கு மேலே உள்ளவர்கள் கடற்கரையில் பெண் எடுக்க மாட்டார்கள். சாமியார்களும் அதில் வாய் திறப்பதில்லை. காலையில் அங்கிக்காக அவ்வளவு பேசினேன், இதையும் எழுதாவிட்டால் தப்பு.

தேன்பெட்டி அப்பா | செவ்வாய், இரவு 11.30

மயிலாடித் தங்கச்சிக்கு நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி அழித்தேன். ஒவ்வொரு தடவையும் "என்னைப் பொறுத்தவரை சாதி இல்லை, ஆனால்" என்றுதான் வந்தது. அந்த ஆனால்-க்குப் பின்னால் என் அம்மா, அக்காமார், சபையில் எங்கள் குடும்பம் உட்காருகிற வரிசை எல்லாம் வந்து நின்றது. வருவேன் என்று எழுதினால் பொய். வர மாட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இப்போதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான் தங்கச்சி, மன்னிக்க வேண்டும்.

வீட்டு விஷயம். நேற்று ஜெபம் மகன் முறை. பரீட்சை, பாட்டியின் முட்டு வலி, ராணி இல்லாத பன்னிரண்டாம் பெட்டி எல்லாவற்றுக்கும் ஜெபித்தான். தேர்தலைத் தொடவில்லை. கஞ்சி குடிக்கும்போது மகளிடம், "இனிமே அரசியல் இங்கே, கண்ணைத் திறந்துட்டு. நீ எதிர்த்துப் பேசலாம்" என்றேன். "சரி, அப்போ இன்னைக்கே" என்று ஆரம்பித்துவிட்டாள். குவாரி விஷயத்தில் என் கட்சி. ரப்பர் இறக்குமதி வரி விஷயத்தில் நான் சொல்வது முதலாளி பேச்சு என்றாள். முக்கால் ஏக்கர் முதலாளி! வோட்டு யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டேன், சிரித்தாள்.

அப்புறம் போனை நீட்டி, மயிலாடித் தங்கச்சியின் கேள்வியை வாசித்துக் காட்டினேன். "நீங்க என்ன எழுதுனீங்க?" என்றாள். இன்னும் எழுதவில்லை என்றேன். "எழுதிட்டு எனக்குக் காட்டுங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை அனுப்பிவிட்டு அவளிடம் காட்டப் போகிறேன். தூங்கியிருக்க மாட்டாள், அறையில் விளக்கு எரிகிறது.