ஓயிட்டா ட்ரினிட்டா: வளர்த்தவரும் கவிழ்த்தவரும் ஒரே ஆளா?

மைதானத்துக்காரன்

நேற்று ஜப்பான் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தபோது செம்பருத்தி அவர்கள் ஓயிட்டா ட்ரினிட்டா அணியின் முன்னாள் தலைவர் ஹிரோஷி மிசோஹத்தாவைப் பெரிய சாதனையாளர் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கேயே சண்டை போட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவு, அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கியூஷு தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஓயிட்டா மாகாணம். அதன் அணி ஓயிட்டா ட்ரினிட்டா. 2008 நவம்பரில், ஜப்பானின் லீக் கோப்பையான நபிஸ்கோ கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஷிமிசு எஸ்-பல்ஸை 2-0 என்று வென்றார்கள். கியூஷு அணி ஒன்று வென்ற முதல் பெரிய கோப்பை அது. அந்த ஆண்டு லீக்கிலும் நான்காம் இடம்.

அடுத்த ஆண்டே முதல் பிரிவான ஜே1-ல் வரிசையாக 14 தோல்வி. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால், சொத்தை மிஞ்சிய கடன் 100 கோடி யென்னுக்கு மேல். தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் ஜே லீக் அமைப்பு தன் அவசர நிதியிலிருந்து மொத்தம் 60 கோடி யென் கடன் கொடுத்துத்தான் அணி தப்பியது. இத்தனைக்கும் தலைவராக இருந்தவர் மிசோஹத்தா. 2009 டிசம்பரில் பதவி விலகினார். 2010 ஜனவரியில் ஜப்பான் சுற்றுலா முகமையின் ஆணையர் ஆகிவிட்டார்! கடன் ஊருக்கு, பதவி அவருக்கு. இதில் சாதனை எங்கே இருக்கிறது?

செம்பருத்தி

கதையை 2008-ல் ஆரம்பித்தால் அப்படித்தான் தெரியும். 1994-ல் ஆரம்பித்துப் பாருங்கள்.

மிசோஹத்தா கால்பந்துக்காரர் இல்லை. உள்நாட்டு அமைச்சக அதிகாரி. மத்திய அரசு அவரை ஓயிட்டா மாகாண நிர்வாகத்துக்கு அனுப்பியது. அப்போது அங்கே ஆளுநர் மோரிஹிகோ ஹிராமட்சு. ‘ஊருக்கொரு பொருள்’ இயக்கத்தை ஆரம்பித்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். அவருக்கு 2002 உலகக் கோப்பை ஆட்டங்களைத் தன் மாகாணத்துக்குக் கொண்டுவர ஆசை. ஆனால் மாகாணத்தில் ஒரு தொழில்முறை அணிகூடக் கிடையாது.

அப்படி 1994-ல் பிறந்ததுதான் ஓயிட்டா ட்ரினிட்டி (1999-ல் பெயர் ட்ரினிட்டா ஆனது). மாகாண லீக்கில் ஆடத் தொடங்கி, 1996-ல் தேசிய அளவிலான ஜேஎஃப்எல் லீக், 1999-ல் இரண்டாம் பிரிவான ஜே2 தொடங்கியபோதே அதில் இடம். ஐந்தே வருடம்! அந்த ஆண்டு கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஜே1. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் யமகட்டா அணி கோல் போட்டுச் சமன் செய்தது. எஃப்சி டோக்கியோ 64 புள்ளி, ஓயிட்டா 63. மறு ஆண்டு உராவா 82, ஓயிட்டா 81. இரண்டு முறையும் மூன்றாம் இடம்.

2002-ல் ஜே2-ஐ வென்றே மேலே போனார்கள். அந்த ஆண்டுதான் அவர்கள் மைதானத்தில் மெக்சிகோ-இத்தாலி உள்ளிட்ட மூன்று உலகக் கோப்பை ஆட்டங்களும் நடந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் இதையெல்லாம் உண்டாக்கிய ஆளைக் கடன்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா?

குண்டூசி

ஒரு புள்ளியில் போச்சு, அடுத்த வருஷமும் ஒரு புள்ளியில் போச்சா? இது அணியா இல்லை பழைய சீரியலா?

கணக்கப்பிள்ளை

இரண்டு பேரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஜே லீக்கின் பெரிய அணிகளில் பல கம்பெனி அணிகளாகப் பிறந்தவை. உராவாவுக்குப் பின்னால் மிட்சுபிஷி, நகோயாவுக்கு டொயோட்டா, கஷிமா மாதிரிச் சிறிய ஊருக்கே சுமிட்டோமோ மெட்டல் இருந்தது. வருட இறுதியில் பள்ளம் விழுந்தால் தாய் நிறுவனம் அதை விளம்பரச் செலவு என்று எழுதி நிரப்பிவிடும். ஓயிட்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. மாகாணத்தின் மக்கள்தொகையே அப்போது 12 லட்சம் அளவுதான். ஆலைகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவற்றின் தலைமையகம் டோக்கியோவில். அங்கே போய்க் கதவைத் தட்டி விளம்பரதாரர் பிடித்துவருவதுதான் மிசோஹத்தாவின் முழுநேர வேலையாக இருந்தது.

2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் அந்தக் கதவுகள் மூடிக்கொண்டன. நபிஸ்கோ கோப்பையின் பரிசு 10 கோடி யென். ஒரு ஜே1 அணியின் ஓராண்டுச் சம்பளப் பட்டியலுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மைதானத்துக்காரன்

கணக்கப்பிள்ளை அண்ணே, தாய் நிறுவனம் இல்லை என்பது எல்லாருக்கும் பொதுவான சாக்கு. நீகாட்டாவைப் பாருங்கள். அந்த ஊர் அணி அல்பிரெக்ஸுக்கும் மிட்சுபிஷி, டொயோட்டா மாதிரித் தாய் நிறுவனம் கிடையாது. அவர்களிடமும் உலகக் கோப்பைக்குக் கட்டிய மைதானம்தான். இலவச டிக்கெட் கொடுத்து மக்களை வரவைத்து, பழக்கப்படுத்தி, 2005-ல் ஆட்டத்துக்குச் சராசரி 40,000 பேர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஓயிட்டாவில் கோப்பை வென்ற ஆண்டில்கூட அதில் பாதிதான்.

விளம்பரதாரர் கையில் இல்லாதபோது ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனது யார் முடிவு? லேமனா வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது? வரவுக்குத் தக்க செலவு என்பது பெட்டிக்கடைக்காரருக்கே தெரியும்.

ஹகாட்டா வாசி

நான் ஃபுகுவோகாவில் வேலை செய்கிறேன். பக்கத்து மாகாணம், அதனால் ஓயிட்டாவுக்கு ஆட்டம் பார்க்கப் போவதுண்டு. நீகாட்டாவோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீகாட்டா மாகாணத்தின் மக்கள்தொகை ஓயிட்டாவைப் போல இரண்டு மடங்கு. ஓயிட்டா மைதானமோ ஊருக்கு வெளியே குன்றுப் பக்கம் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து பேருந்துதான். ஆட்டம் முடிந்ததும் அந்த வரிசையில் நின்றால் கோல் போட்டது யார் என்பதே மறந்துபோகும்.

மூடித் திறக்கும் கூரை பார்க்க அழகு. ஆனால் அதன் நிழலில் புல் ஒழுங்காக வளராது. கோப்பை வென்ற காலத்திலேயே புல்தரை பெரிய தலைவலியாக இருந்தது. உலகக் கோப்பைக்காக மாகாணம் கட்டிய அரங்கம் அது. அணி அதன் அளவுக்குத் தன்னை இழுத்து நீட்டிக்கொண்டது. இந்த ஊர்ப் பக்கம் இருக்கிறவர்களிடம் கேட்டால் மிசோஹத்தா பற்றி ஒரே மாதிரிப் பதில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பருத்தி

மைதானத்துக்காரன் சொல்கிற ‘சம்பள ஏற்றம்’ முழுக்க உண்மை இல்லை. 2008 அணியைப் பாருங்கள். கோல்கீப்பர் நிஷிகாவா ஓயிட்டாக்காரர், அணியின் இளையோர் பிரிவில் வளர்ந்தவர். கியோத்தகேயும் அங்கேதான் வளர்ந்தார். மொரிஷிகே, கனசாகி இருவரும் பள்ளிப் பருவம் முடிந்து நேராக ஓயிட்டாவுக்கு வந்தவர்கள். பிரேசில்காரர்களுக்குச் செலவானது, சரி. பயிற்சியாளர் பெரிக்ளிஸ் சாமுஸ்காவும் பிரேசில்காரர்தான். 2004-ல் சாந்தோ ஆந்த்ரே என்ற சின்ன அணியை வைத்து ஃபிளமெங்கோவை வீழ்த்திப் பிரேசில் கோப்பையை எடுத்தவர். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். 34 லீக் ஆட்டங்களில் வெறும் 24 கோல் வாங்கிய தற்காப்பு, காசால் மட்டும் வந்ததா?

மைதானத்துக்காரன்

அந்த நால்வரும் என்ன ஆனார்கள் என்பதையும் நீங்களே எழுதியிருக்கலாம். 2009 முடிந்ததும் நிஷிகாவா ஹிரோஷிமாவுக்கு, மொரிஷிகே எஃப்சி டோக்கியோவுக்கு, கனசாகி நகோயாவுக்கு, கியோத்தகே செரேசோ ஒசாகாவுக்கு. ஊரில் வளர்ந்த பிள்ளைகளை ஊரே பார்க்க முடியாமல் போனதற்கு அந்தக் கடன்தானே காரணம்?

அப்புறம் 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜே2-ல் மேலேறும் வாய்ப்பு வருகிறது. ஆனால் ஜே லீக் கொடுத்த கடனில் மிச்சமிருந்த 30 கோடி யென்னை அக்டோபருக்குள் கட்டினால்தான் தகுதி. பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள், ஊர் நிறுவனங்கள் கொடுத்தன, மாகாணமும் நகராட்சிகளும் கொடுத்தன. அதாவது வரிப்பணம்! தனியார் நிறுவனமாக நடக்கும் ஓர் அணியின் பழைய கடனை, பந்தையே பார்க்காத பாட்டியும் சேர்ந்து கட்டியிருக்கிறார்.

கணக்கப்பிள்ளை

அணியைத் தொடங்கும்போதே மக்கள், நிறுவனங்கள், நிர்வாகம் என்று மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது என்றுதானே பேச்சு? பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த மூன்றும் நிஜமாகவே சேர்ந்தது 2012-ல்தான் என்பேன். பாட்டியின் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் பொதுமக்கள் கொடுத்தது கட்டாய வரி இல்லை, விரும்பிக் கொடுத்தது. 10 கோடி யென்னுக்கு மேல் வந்தது. அந்த அளவு மாகாணத்தில் அது சின்னத் தொகை இல்லை. 1998-ல் யோகோஹாமா ஃப்ளூகல்ஸை இன்னோர் அணியோடு இணைத்து முடித்துவைத்தார்கள். ரசிகர்கள் அழுதும் ஒன்றும் நடக்கவில்லை. ஓயிட்டாவில் அணி பிழைத்துக்கொண்டது.

குண்டூசி

கடன் கட்டினார்கள், சரி. மேலே போனார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கப்பா முதலில்.

செம்பருத்தி

போனார்கள் குண்டூசி! ஆறாம் இடத்தில் முடித்து, மேலேறும் கடைசி இடத்துக்காக அந்த ஆண்டுதான் முதன்முதலாக வந்த ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்தார்கள். சமன் ஆனால் மேலே இருக்கும் அணிக்குச் சாதகம் என்பது விதி. அதனால் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தே ஆக வேண்டும். கியோட்டோவை 4-0, நான்கு கோலும் மொரிஷிமா. இறுதியில் ஜெஃப் யுனைடெட், 86-வது நிமிடத்தில் ஹயாஷி கோல், 1-0.

மைதானத்துக்காரன்

2013-ஐயும் சொல்லி முடியுங்கள். 34 ஆட்டம், இரண்டே வெற்றி, 14 புள்ளி, கடைசி இடம். 2015-ல் ஜே3-க்கே இறங்கினார்கள். பெரிய கோப்பை வென்ற அணி ஒன்று மூன்றாம் பிரிவில் விழுந்தது அதுவரை நடக்காதது.

அங்கிருந்து மீட்டவர் பயிற்சியாளர் கத்தனோசக்கா. 2016-ல் ஜே3 கோப்பை, கடைசி நாளில் தோச்சிகியைத் தாண்டி. 2018-ல் ஜே2-ல் இரண்டாம் இடம். 2019 ஜே1 முதல் ஆட்டத்தில் கஷிமாவை அவர்கள் மண்ணிலேயே 2-1. இரண்டு கோலையும் போட்ட ஃபுஜிமோட்டோ ஜே3-ல் ஆடி மேலே வந்தவர். அந்த ஆண்டு ஒன்பதாம் இடம். நட்சத்திரங்களை வாங்கிக் குவிக்காமல், பயிற்சியால் செய்தது. முடிந்த காரியம்தானே? அதை மிசோஹத்தா ஏன் செய்யவில்லை?

ஹகாட்டா வாசி

கத்தனோசக்கா ஆட்டக்காரராக 2000-ல் இதே ஓயிட்டாவில் இருந்தவர். செம்பருத்தி சொன்ன அந்த 81 புள்ளி ஆண்டு! அவர் திரும்பி வருவதற்கு ஓர் அணி அங்கே இருந்தது, அரங்கம் இருந்தது, இளையோர் பிரிவு இருந்தது. 2021-ல் மறுபடி இறங்கினார்கள், ஆனால் அதே டிசம்பரில் பேரரசர் கோப்பை அரையிறுதியில் கவாசாகியை வெளியேற்றி இறுதிவரை போனார்கள். உராவாவிடம் 2-1, அதுவும் கடைசி நிமிடக் கோலில்தான் தோற்றார்கள். எங்கள் ஃபுகுவோகா அணி அவிஸ்பா கோப்பை எடுக்க 2023 ஆனது, ஓயிட்டாவுக்குப் பதினைந்து வருடம் பின்னால்.

மைதானத்துக்காரன்

அவிஸ்பா கோப்பை எடுத்த அடுத்த வருடம் கடனில் மூழ்கவில்லையே!

செம்பருத்தி

இப்போது ஜே லீக் உரிம விதி இருக்கிறது. மூன்று வருடம் தொடர்ந்து நஷ்டம் என்றாலோ, கடன் சொத்தைத் தாண்டினாலோ உரிமமே கேள்விக்குறி. 2009-ல் அந்தக் கடிவாளம் கிடையாது. இன்றைய விதியை வைத்து அன்றைய ஆளை எடை போடாதீர்கள். அதோடு அவர் வெளியிலிருந்து வந்து சுரண்டிப் போனவர் இல்லை. 2004-ல் தலைவரானபின் அணிக்காக அரசு வேலையையே விட்டவர்.

மைதானத்துக்காரன்

விதி இல்லாததால் செலவழித்தார் என்றால், அந்த விதி ஏன் வந்தது என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. நாளை நீகாட்டாவின் கதையைத் தனி இழையாகப் போடுகிறேன், அங்கே வாருங்கள்.