புதுப்பிப்பு: எங்கள் நகர் பூங்கா இடம்

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் யாரோ கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி வேலி போட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டதால் இந்தப் பதிவு.

வேலியை எடுத்துவிட்டார்கள்! சங்கத்தின் சார்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கினோம். அதில் அந்த இடம் பச்சை வண்ணத்தில், ‘பூங்கா’ என்ற குறிப்போடு தெளிவாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தைவிட எங்களைக் காப்பாற்றியது தானப் பத்திரம்தான். வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்ததில், அந்த இடம் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது பதிவில் இருந்தது.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைத்தே ஆக வேண்டும். நிலத்துக்குப் பதில் பணம் கட்டும் வழி அங்கே இல்லை. எங்கள் மனைப்பிரிவு இதைவிடப் பெரியது.

பாக்கி இருப்பது பட்டா. பத்திரம் உள்ளாட்சி அமைப்பின் பெயரில், பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில். இந்த இடைவெளியில்தான் வேலி முளைத்தது, மறுபடியும் முளைக்கலாம். அதனால் பட்டா மாற்றக் கோரி மனு கொடுத்திருக்கிறோம், ஏரியா சபையிலும் (வார்டில் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) எழுப்பப் போகிறோம். உங்கள் பகுதிப் பூங்காவின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம், தயவுசெய்து பாருங்கள். எங்கள் பட்டா மாறியதும் எழுதுகிறேன்.