ப்ளே ஸ்டோர் கமிஷன் கேஸ் என்னாச்சு? சந்தா ஆப் போடலாமா?

போச்சம்பள்ளி_மாங்கா: அண்ணா வணக்கம், சந்தைல தோத்தாபுரி, செந்தூரா மாங்கா ரேட்டு தெனமும் காலைல விவசாயிங்களுக்கு காட்டுற ஆப் ஒண்ணு பண்ணிருக்கேன். மாசம் 99 ரூவா சந்தா வெக்கலாம்னு இருக்கேன், அதுல 15% கூகுளுக்கு போவும்ங்கறாங்க. கோர்ட்ல அந்த கமிஷன தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு ஒரு ஃபிரண்டு சொல்றான், நெசமாவா?

ஓசூர்_டெவ்: இல்ல தம்பி, அபராதம் வேற கமிஷன் வேற. 2022 அக்டோபர்ல சிசிஐ, அதாவது இந்திய போட்டி ஆணையம், ப்ளே பில்லிங் (ஆப்புக்குள்ள பணம் வாங்க கூகுள் வெச்சிருக்கற முறை) விஷயத்துல கூகுளுக்கு 936 கோடி அபராதம் போட்டுச்சு, 2025 மார்ச்ல அப்பீல் டிரிப்யூனல் அத சுமார் 216 கோடியா குறைச்சிருச்சு, ஆனா கமிஷன் வாங்கவே கூடாதுன்னு சொல்லல. நாமளே வேற பில்லிங் வெச்சாலும் 4% தான் குறையும், 15க்கு பதிலா 11. சின்ன டெவலப்பருக்கு இது ரொம்ப அநியாயம்னு தான் நான் சொல்லுவேன்.

தர்மபுரி_வக்கீல்: இந்த கமிஷன எதிர்த்து சென்னை ஹைகோர்ட்டுக்கும் நம்மூரு கம்பெனிங்க போனாங்க, 2023ல இது சிசிஐ பாக்க வேண்டியதுன்னு தள்ளிட்டாங்க. 2024 மார்ச் 1ந்தேதி இந்த கமிஷன் தகராறுல கூகுள் பாரத் மேட்ரிமோனி ஆப்பையே ஸ்டோர்ல இருந்து தூக்கிருச்சு, மத்திய அரசு தலையிட்ட பிறகு தான் திரும்ப வந்துச்சு. அதனால ரூல மீறி பில்லிங் வெச்சு ரிஸ்க் எடுக்காத தம்பி.

ஓசூர்_டெவ்: இன்னொண்ணு, மாங்காயவே ஆப்ல வித்தா அது பொருள் விற்பனை, அதுக்கு ப்ளே கமிஷன் கெடையாது, யுபிஐ நேரா வெச்சுக்கலாம்.

போச்சம்பள்ளி_மாங்கா: அப்ப ரேட்டு ஃப்ரீயா குடுத்துட்டு மாங்கா பெட்டி ஆர்டர்ல வருமானம் பாத்துக்கறேன், ரொம்ப நன்றிங்ணா.