சர்க்கரை நார்மல், ஆனால் மெட்ஃபார்மின் ஏன்? (பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு சந்தேகம்)

கோத்தகிரி_அக்கா
தங்கைக்கு 19 வயது, 66 கிலோ, உயரம் 155 செ.மீ. வயதுக்கு வந்து 6 வருடம். மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒருமுறைதான். தாடையில் முடி, பின்கழுத்தில் கருப்பு. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 91. டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதியிருக்கிறார். அது சர்க்கரை மாத்திரைதானே? சர்க்கரையே இல்லாதவளுக்கு எதற்கு?

மலைச்சாரல்
91-ஐ மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாதுங்க. அதை 91-ல் நிறுத்தி வைக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதுதான் விஷயம். தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் கேட்காவிட்டால், கணையம் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையை அடக்கிவிடும். ரிப்போர்ட் நார்மல், ரத்தத்தில் இன்சுலின் எக்கச்சக்கம். உடலை இன்சுலின் சொல்வதைக் கேட்க வைத்து அந்த மிகுதியைக் குறைக்கத்தான் மெட்ஃபார்மின்.

தசைக்குத்தான் காது மந்தம், சினைப்பைக்கு இல்லை. அங்கே தீக்கா என்ற செல்களை, மூளையடி பிட்யூட்டரி சுரப்பி விடும் எல்.எச். ஹார்மோன் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை (ஆண்ட்ரோஜன்) சுரக்க வைக்கிறது. இன்சுலினும் கூடச் சேர்ந்தால் அந்தச் சுரப்பு ஏறிவிடும். அதே இன்சுலின் கல்லீரலில் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதம்தான். அது குறைந்தால், மொத்த டெஸ்டோஸ்டிரோன் லேசாகக் கூடியிருந்தாலும் கட்டில்லாமல் திரிவது அதிகமாகும். தாடை முடி அதனால் வருவது. பின்கழுத்துக் கருப்பு, மிகுந்த இன்சுலின் தோலையே தடிக்க வைப்பதால் வருவது. அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

'நீர்க்கட்டி' என்ற பெயர்தான் வீணாகப் பயமுறுத்துகிறது. அவை கட்டியே இல்லை, 2 முதல் 9 மி.மீ. வரை வளர்ந்து பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். எதுவும் முதிர்ந்து முட்டையை வெளியே விடாததால், மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது, மாதவிடாயும் தள்ளிப்போகும். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது, அந்த வயதில் இயல்பாகவே நிறையத் தெரியும். தங்கைக்குச் சான்று, தள்ளிப்போகும் மாதவிடாயும் தாடை முடியும்தான். தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் (அட்ரினல் சுரப்பிக் கோளாறைக் காட்டுவது) மூன்றும் பார்த்தாயிற்றா? இதே அறிகுறிகளோடு வேறு நோய்களும் வரும்.

கோத்தகிரி_அக்கா
முதல் இரண்டும் நார்மல். மூன்றாவதைப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். இன்சுலின் டெஸ்ட் எடுக்கலாமா?

குன்னூர்_லேப்
வேண்டாம் அக்கா. லேபுக்கு லேப் எண் மாறும், ரத்தம் சிதைந்த சாம்பிளில் இன்சுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். அந்தக் காசுக்கு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுங்கள். முந்தைய 3 நாள் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும், பட்டினி கிடந்துவிட்டு வந்தால் முடிவு தப்பாகும். இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. 75 கிராமை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடுவில் மேடேறிக் கடைக்குப் போய் வந்தால் சர்க்கரை இறங்கிவிடும். 2 மணி நேர அளவு 140-க்குக் கீழே என்றால் நிம்மதி. 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

சாம்பிளை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அனுப்பும் இடமென்றால், எடுத்தவுடன் சுழற்றிப் பிரிப்பார்களா என்று கேளுங்கள். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். மலைப்பாதையில் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் 150 என்பது 135 ஆகியிருக்கும்.

மருந்துக்கடை
மாத்திரையை இரவுச் சாப்பாட்டின் நடுவில் போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றால் போகும். பலரும் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவது இதனால்தான். டாக்டர் அளவைக் கூட்டுவதானாலும் 1, 2 வாரத்துக்கு ஒருமுறை 500 மி.கி. வீதம்தான் கூட்டுவார். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக் கூடாது. ஆரம்பிக்கும் முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட், வருடக் கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். மாதவிடாய் சீராகச் சில மாதம் பிடிக்கும், முடி குறைய 6 மாதமாவது ஆகும். 90 நாள் தாண்டியும் வராவிட்டால் சும்மா இருக்காதீர்கள். கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதை உதிரவைக்க மாத்திரை உண்டு.

மலைச்சாரல்
மாத்திரை மட்டும் போதாது. வேலை செய்யும் தசை, இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் 15, 20 நிமிடம் மேட்டில் நடந்தாலே போதும், மலையில் அதற்கு இடம் தேட வேண்டாம். சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பிவிடட்டும், தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்கும். விடாத மழையில் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 தடவை, மூன்று சுற்று. குளிருக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 40 கிராம் பக்கம் வந்துவிடும். முதலில் அதைக் குறையுங்கள், அடுத்து வர்க்கி பிஸ்கட்டை. சோற்றைப் பாதியாக்கி அவரை, பீன்ஸ், முட்டை சேருங்கள். 66-ல் 3, 4 கிலோ குறைந்தாலே மாதவிடாயில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கலாம்.

கோத்தகிரி_அக்கா
கிரியேட்டினின் பார்த்ததும் இரவுச் சாப்பாட்டின் நடுவில் போட வைக்கிறேன். குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்ததும் எண்ணை இங்கேயே போடுகிறேன்.